பல்லிக்கு முழு மதிப்பெண்

இன்று புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில், எங்கள் தமிழ்ப் பள்ளியின் ஆறாம் வகுப்பு அறிவியல் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

கேள்வி: பல்லி தாவரமா, விலங்கா? காரணம் கூறுக.

ஒரு மாணவியின் பதில்: “பல்லி தாவரம். மண்ணுக்குள் காய்க்கும். வறுத்தால் ருசியாக இருக்கும்.”

“ஐயய்யோ!” என்று வாய்விட்டே கத்திவிட்டேன். சிவப்பு மையில் தப்பும் போட்டாயிற்று.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“தெலுங்குக்காரங்க வூட்டுப் பொண்ணா மேடம்?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“தெலுங்குல பல்லின்னா வேர்க்கடல! டிபன் கடையில பல்லி சட்னி ஊத்துறாங்களே, நீங்க துன்னதே இல்லியா?”

நான் தஞ்சாவூர்க்காரி. இந்த ஆந்திரப் பக்கம் வேலைக்கு வந்து மூன்று மாதம்தான். “பல்லி சட்னி வேணுமா?” என்று சர்வர் கேட்கும்போதெல்லாம் பதறிப்போய், இட்லிக்குப் பொடியே போதும் என்றிருக்கிறேன்.

அந்தப் பதிலை மறுபடி படித்தேன். தாவரம்தான். மண்ணுக்குள்தான் காய்க்கிறது. வறுத்தால் ருசிதான். தப்பை அடித்துவிட்டு முழு மதிப்பெண் போட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக, நாலு இட்லிக்கு இரண்டு கரண்டி பல்லி சட்னி.

அடுத்த தேர்வில் ஓணான் கேட்கலாம் என்றிருக்கிறேன். அந்தப் பெயரிலும் இங்கே ஏதாவது சட்னி இருந்தால், இப்போதே சொல்லிவிடுங்கள்.