கோட்டையில் வைத்துச் சொன்ன கலியாணம்

மூத்த மகளின் கலியாணத்துக்கு என் அண்ணை பாரிஸிலிருந்து வரவில்லை. அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேனாம். வீட்டுக்கு வந்து முறையாகச் சொல்லவில்லையாம். லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் இருந்துகொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, நாடு நாடாகப் போய்ச் சொல்ல எனக்கென்ன சிறகா இருக்கிறது? ஆனாலும் சடங்கில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. வந்த சனமெல்லாம் அதைத்தான் விசாரித்தது.

இளையவளுக்கும் அந்தக் கதி வேண்டாம் என்று தட்டம், வெற்றிலை, குங்குமம், அழைப்பிதழ் எல்லாம் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன். அண்ணை வீட்டுக்கு வரவேண்டாம் என்றார். பெயின்ட் அடிக்கிறார்களாம். நகரத்துக்கு வெளியே ஒரு பழைய கோட்டை, இப்போது பலகை விளையாட்டுகளின் மியூசியம், அங்கே வா என்றார். நம்பிப் போனேன்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் சதுரங்கம், தாயக்கட்டைகள், பாம்பும் ஏணியும். அண்ணை ஒவ்வொன்றாக நின்று வாசித்தார். சின்ன வயதில் தோற்கப்போகிறார் என்றால் காய்களைக் கலைத்துவிட்டு எழும்பிப் போகிறவர், இப்போது விதிகளை வாசிக்கிறார். நான் பையோடு பின்னால் இழுபட்டேன். கடைசியில் யன்னலோரம் ஒரு வாங்கில் அவரை இருத்தி, தட்டத்தை நீட்டினேன்.

"அண்ணை, அண்ணியையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேணும்."

அவர் தட்டத்தைத் தொடவில்லை.

"வீட்டை வந்தெல்லோ சொல்லவேணும். மியூசியத்திலை வைச்சோ கலியாணம் சொல்லுறது?"

"நீங்கள்தானே இங்கை வரச் சொன்னீங்கள்."

"அது சும்மா கண்டு கதைக்க."

"அப்ப இப்பவே வீட்டை வரட்டே?"

"இண்டைக்கு ஏலாது."

காவலாளி வந்து, சாப்பாட்டுச் சாமான் இங்கே கூடாது என்று வெற்றிலையைக் காட்டினான். அண்ணை அவனிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். என்னிடம் கேட்க வாய் வரவில்லை.

லண்டன் வரும்வரை தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். அவருக்கு வேண்டியிருந்தது அழைப்பு இல்லை. நான் கெஞ்சுவதைப் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும், லண்டனிலேயே சட்டன் பக்கம் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் எடுத்து, தாய்மாமனாக நிற்க முடியுமா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, வாறன். எத்தினை மணிக்கு நிக்கவேணும்?"

அவ்வளவுதான் கேட்டான். கூடப்பிறந்தவர் உயிரோடு இருக்க, இவனிடம் கேட்க வேண்டி வந்ததே என்று போனை வைத்துவிட்டு அழுதேன்.