நான் வேலை செய்யும் இடம்

போன ஞாயிறு மகள் என்னைக் கோட்டை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனாள். எங்கள் வீடு குட்மேய்ஸில். அங்கிருந்து காரில் தேம்ஸுக்கு அடியால் போகும் சுரங்கப் பாதையைத் தாண்டினால் தென்கிழக்கு லண்டனில் ஒரு காட்டுப் பூங்கா. அதன் மேட்டில் அந்தக் கோட்டை நிற்கிறது. கோட்டை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்று மூலைச் செங்கல் கோபுரம், அவ்வளவுதான். இந்தியக் கரையில் ஒரு கோட்டையை அடித்துப் பிடித்த கப்பல்காரர் ஒருவரின் நினைவாக அவருடைய மனைவி கட்டினாராம். நான் போனபிறகு என் மனைவி பூங்காவில் ஆட்கள் உட்கார ஒரு வாங்காவது போட்டால் புண்ணியம்.

இப்போது கீழ்த்தட்டில் தேநீர்க் கடை வைத்திருக்கிறார்கள். கேக்கின் கறுவாப்பட்டை மணம் வாசல்வரை வந்தது. டிக்கெட் கொடுத்த நரைமுடிப் பெண்மணி, முன்னர் வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். முதல் தடவை என்று எனக்கும் சேர்த்து மகளே பதில் சொன்னாள். நான் திருத்தவில்லை. அந்தப் பெண்மணியிடம் கேட்க ஒரு கேள்வி வாய்வரை வந்தது. பின்னால் ஆட்கள் நின்றார்கள், நகர்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் "அப்பா, அதில நில்லுங்கோ, ஸ்மைல்" என்று போனைத் தூக்கினாள். எடுத்து முடிந்த பிறகுதான் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

"உதை அப்பம்மாவுக்கு அனுப்பாதை பிள்ளை."

"அப்பவே அனுப்பிட்டன். ஏன், நல்லாத்தானே இருக்கிறீங்கள்?"

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவின் கண்ணில் இந்தக் கோட்டை இன்னொரு தரம் படக்கூடாது என்று எத்தனையோ வருடமாக இருந்தவன் நான்.

கறுவா மணம் மூக்கில் இருக்கும்போதே பூச்சி உருண்டை மணமும் எங்கிருந்தோ வந்தது. அது கோட்டு மணம். அகதியாக வந்த புதிதில் ஃபாரஸ்ட் கேட்டில் இரண்டு அறைகளில் ஆறு பேர் இருந்தோம். எங்களில் மூத்தவர் யோகன் அண்ணை. பழைய உடுப்புக் கடையில் அவர் வாங்கிய கறுத்த நீளக் கோட்டு ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும். குளிருக்குப் போட அல்ல, படத்துக்கு. ஊருக்குப் படம் அனுப்புவது அப்போது கடிதம் அனுப்புவதைவிட முக்கியம். முப்பத்தாறு படச் சுருள், ஆளுக்கு ஆறு. அடுத்தவனின் காரில் சாய்ந்து ஒன்று, பூச்செடிக்குப் பக்கத்தில் ஒன்று. ஒருவன் கோட்டைக் கழற்ற மற்றவன் கைநுழைப்பான். எனக்குத் தோள்கள் தொங்கும், யோகன் அண்ணைக்கு வயிற்றில் பொத்தான் பூட்டாது.

இந்தக் கோட்டையைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். அப்போது அதைப் பூட்டி, யன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். "இடப்பக்கம் தள்ளி நில்லடா, பலகை தெரியுது" என்று ஒவ்வொருவராக நிறுத்தி எடுத்தார். நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். முதல் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு "கையில என்ன புண்?" என்று அம்மா கேட்டு எழுதியிருந்தா. உணவகத்தில் கோப்பை கழுவிக் கழுவித் தோல் உரிந்திருந்தது. அதை எழுத மனம் வரவில்லை. படம் வந்ததும் அதன் பின்பக்கத்தில், "இதுதான் நான் வேலை செய்யும் இடம்" என்று எழுதினேன். சும்மா கிடந்த பேனையை எடுத்து எழுதியதுதான்.

எங்களில் நாலு பேர் ஒரே ஊர். நாலு அம்மாமாரும் கோயிலில் சந்தித்தபோது படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களாம். நாலு பேருக்கும் ஒரே கோட்டு, ஒரே கோட்டை. வேறு ஊர் என்றால் குட்டு வெளிப்பட்டிருக்கும். எங்கள் ஊர் கெட்டிக்கார ஊர். அது வேலையிடத்து உடுப்பு என்றும், நாலு பேருக்கும் கோட்டையில்தான் வேலை என்றும் முடிவு கட்டிவிட்டது. வயதைப் பார்த்து யோகன் அண்ணையை மனேஜராகவும் ஆக்கிவிட்டார்கள். ஒரு கிழமை முழுக்க அவரை மனேஜர் என்று கூப்பிட்டுச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து வந்தது தம்பியின் கடிதம். அவனுக்கு அப்போது இருபது வயது. "அண்ணை, அங்க எனக்கும் ஒரு வேலை எடுக்கேலுமோ? கூட்டித் துடைக்கிற வேலை எண்டாலும் பரவாயில்லை."

அன்றைக்கே உட்கார்ந்து உண்மையை எழுதினேன். கோட்டை பூட்டிக் கிடக்கிறது, நான் கோப்பை கழுவுகிறேன், கோட்டும் என்னுடையதில்லை, இரண்டு பக்கம். ஒட்டுவதற்கு முன் யோகன் அண்ணையிடம் காட்டினேன். வாசித்துவிட்டுத் தாள்களை மடித்து என் கையில் தந்தார்.

"என்ர தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடிக்கிற நேரம். இது போனா நாலு வீட்டு மானமும் போகுமடா. பொறு எண்டு மட்டும் எழுது."

அவரைக் குறை சொல்லவில்லை. எழுதியது என் கைதான். "இப்போது ஆள் எடுக்கவில்லை, பொறு" என்று எழுதினேன். வேலை இருக்கிறது, கொஞ்சம் பிந்தும் என்றுதான் தம்பி அதை வாசித்திருக்கிறான். அவன் பொறுக்கவுமில்லை. எனக்குச் சொல்லாமல், களவாக எல்லை கடத்தி ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்டுவிட்டான்.

ஒரேயொரு தரம் போன் எடுத்தான். எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த கடைக்கு வந்தது, ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அண்ணை, இடத்தின்ர பேர் தெரியாது. சரியான குளிர். இன்னும் ரெண்டு எல்லை எண்டு சொல்லுறாங்கள்."

"எங்கட விலாசம் வைச்சிருக்கிறியோ?"

"எழுதின கடுதாசி ஒண்டும் வைச்சிருக்கக் கூடாதெண்டு பறிச்சுப்போட்டாங்கள். உங்கட படத்தைச் சப்பாத்துக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறன். கோட்டையைக் காட்டி ஆரிட்டயும் கேட்டு வந்திடுவன்."

அம்மா வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான். அந்த இடத்திலாவது, "நான் அங்க இல்லையடா" என்று கத்தியிருக்க வேண்டும். நான் "சரி, கவனமா வா" என்றேன். லைன் அறுந்தது. அதற்குப் பிறகு அவனுடைய குரலைக் கேட்டவர் எவருமில்லை.

தேடித் தருகிறோம் என்ற எல்லா இடத்திலும் பேர் பதிந்தேன். ஞாயிறுகளில் பஸ் மாறி, படகில் ஆற்றைக் கடந்து அந்தப் பூங்காவுக்குப் போனேன். கோட்டைக்கு முன்னால் ஒரு வாங்கு கிடந்தது. பிளாஸ்கில் தேத்தண்ணியோடு அதில் இருப்பேன். யோகன் அண்ணையின் அந்தக் கறுத்த கோட்டைப் போட்டுக்கொண்டுதான் இருப்பேன், தூரத்தில் கண்டாலும் அடையாளம் தெரியட்டும் என்று. நாய் கொண்டு நடக்கிறவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படிப் போனேன். பிறகு கலியாணம், மகள், ஞாயிறு ஷிப்ட். எந்த ஞாயிறோடு நிறுத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கு அடுத்த ஞாயிறு அவன் வந்திருந்தால் என்ற எண்ணம் இன்றைக்கும் என்னை விடுவதில்லை. இதில் ஒன்றையும் மகளுக்கு நான் சொன்னதில்லை.

போன ஞாயிறு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, அம்மா வீடியோவில் வந்துவிட்டா. போனை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பா. நெற்றியும் திருநீறும் மட்டும்தான் தெரியும்.

"உது அந்தக் கோட்டைதானே? நீ வேலை செய்த இடம்."

இத்தனை வருடம் அடக்கியது அன்றைக்கு நிற்கவில்லை.

"அம்மா, நான் அங்க ஒருநாளும் வேலை செய்யேல்லை. பொய் எழுதினனான். நான் கோப்பை கழுவினனான் அம்மா."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவா, அழுவா, அதற்கு நான் தயாராக இருந்தேன்.

"அது கிடக்கட்டும்" என்றா அம்மா. "சின்னவன் உதைத் தேடித்தானே வந்தவன். அங்க நிக்கிறவையிட்ட விசாரிச்சனியோ?"

"இல்லை அம்மா."

"உவ்வளவு காலமும் என்ன செய்தனி? போய்க் கேள்."

வாசலில் என் வாய்வரை வந்தது அந்தக் கேள்விதான். வருகிற ஞாயிறு போகிறேன், மகளும் வருகிறாள். யன்னல் பலகைகள் இப்போது இல்லை. நான் இருந்த வாங்கும் இல்லை, அந்த இடத்தில் குப்பைத்தொட்டி நிற்கிறது. அந்தக் கறுத்த கோட்டு பூச்சி அரித்துப் போய்விட்டது. படச்சுருள் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வீடு மாறியபோது தொலைந்தது. எப்போதாவது ஒரு பெடியன் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினானா என்று அந்தப் பெண்மணியிடம் கேட்கவேண்டும். என்ன படம் என்று கேட்பார். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு பிரதிதான் கழுவினோம், அது தம்பியிடம் இருக்கிறது.