பிடிக்காதவனை விட்டதற்கு ஒரு கடிதம்

எம்.பி. அவர்களே, டெல்லிக்கு எழுதிக் கேட்டேன் என்று நீங்கள் என்னிடம் சொன்னது பொய். என் மனு உங்கள் அலுவலக மேசையில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்ததை நானே பார்த்தேன்.

நான் தையல் வேலை செய்கிறவள். தெற்கிலிருந்து தம்பியோடு திருப்பூருக்குப் பிழைக்க வந்தேன். வெளிநாடுகள் துணி இறக்குமதிக்கு வைத்திருந்த கோட்டா ஒழிந்து ஆர்டர் குவிந்த காலம். அவன் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தான். ராணுவ உடை மாதிரி பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக அச்சடித்த பனியன்கள் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம். யார் சட்டையைப் பார்த்தாலும் கை தானாக அதன்மேல் போய்விடும். ஓரத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்போம். இங்கே யாரும் கோபிப்பதில்லை. ஒரு நாள் ஸ்டேஷனில் பட்டாளத்துக்காரர்கள் போகும் ரயில் நின்றது. என் தம்பி நேராகப் போய் ஒருவர் சட்டை ஓரத்தைத் திருப்பினான். அதோடு விட்டானா? எல் சைஸ் எத்தனை பேர், எக்ஸ்எல் எத்தனை பேர் என்று எண்ணி பேக்கிங் நோட்டில் எழுதினான். மிச்சமாகும் பனியனை அவர்களுக்கு விற்கலாம் என்று ஆசை.

மறுவாரம் சாதாரண உடுப்பில் இரண்டு பேர் கம்பெனிக்கே வந்து அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ராணுவ உளவுத்துறை என்றார்கள். எந்த இடம் என்றே தெரியாத அறையில் மூன்று நாள். கணக்கை யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். நான்காம் நாள் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். வழக்கும் இல்லை, ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

முதலாளி என்னிடம், "ஏனுங்கம்மா, பையன் நல்ல பையன்தானுங்க. குத்தமில்லைன்னு ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துருங்க. அதில்லாம உள்ள உட்டா எம்பேரையும் எழுதிக்குவாங்க" என்றார். வேலை கேட்டுப் போன கம்பெனியிலெல்லாம் அதே பேச்சு.

அந்த லெட்டரைக் கேட்டுப் போலீஸுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நாங்க புடிக்கவே இல்லியேம்மா. புடிக்காதவன விட்டுட்டோம்னு எப்படி எழுதித் தர்றது? ஆமா, பட்டாளத்துத் துணி நல்ல துணியாமா?"

கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, "அவங்க எங்களுக்குக் கீழ வரமாட்டாங்க, டெல்லிங்க" என்றார். டெல்லியில் யார்? தளபதியா, மந்திரியா, பிரதமரா? அவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

எட்டு மாதமாகத் தம்பி வீட்டிலேயே கிடக்கிறான். "யக்கா, நான் செஞ்ச தப்பு இன்னதுன்னாவது எழுதித் தரச் சொல்லு. தண்டனைய அனுபவிச்சுட்டுப் போறேன்" என்கிறான். கதவுகளின் உள்தாழ்ப்பாளையெல்லாம் கழற்றிவிட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறேன். எத்தனை நாளைக்கு இப்படி ஓட முடியும்?

இனி என் காதில் தனியாக எதையும் சொல்லாதீர்கள். நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, ஊர் கேட்கச் சொல்லுங்கள். அந்தத் துறையைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க இந்த அரசாங்கத்தில் யாருக்கு அதிகாரம்? என் தம்பி குற்றமற்றவன் என்று கையெழுத்துப் போட வேண்டிய ஆள் யார்?