வட்டத்தில் இறங்கும் முறை

பதினோரு வருஷமாகச் சார்ட்டைத் தொங்கவிட்டு நான் கத்தியும் பிள்ளைகளின் வாயில் ஏறாத ஆங்கில ஒலிகளை, புதிதாக வந்த உதவி டீச்சர் ஒரே வாரத்தில் ஏற்றிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் இந்தக் குப்பத்து மருமகள். பள்ளிக்கூட மணலில் வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி வைத்தாள். ஏரியில் அப்பாக்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ‘பாடு’ என்னும் தங்கள் முறை வரும்போது மட்டும் வலை இறக்குவதுபோல, பிள்ளைகளும் சீட்டெடுத்து முறைப்படி வட்டத்தில் இறங்கி, அந்த ஒலியில் தொடங்கும் பொருளைப் பிடிக்க வேண்டும்.

அவள் லீவு போட்ட அன்று நானே ஆட்டத்தை நடத்தினேன். ‘ப்’ வட்டத்தில் பேக், பாட்டில், பட்டன் எல்லாம் போட்டு, வகுப்பின் கெட்டிக்காரப் பெண்ணை முதலில் இறங்கச் சொன்னேன். அவள் நகரவில்லை.

“சீட்டு போடாம இன்னா டீச்சர்? ஊர்ல சண்ட வரும்னு நைனா சொல்லும்.”

அதட்டினேன். ஒருத்தரும் இறங்கவில்லை.

மறுநாள் பிள்ளைகள் அவளிடம் என்னைப் போட்டுக்கொடுத்தார்கள். உதவி டீச்சர் சிரித்திருந்தால் திட்டியாவது இருப்பேன். சிரிக்காமல் சீட்டு டப்பாவை என்னிடம் நீட்டினாள். எடுத்தேன்.

“டீச்சருக்கு கடசிப் பாடு!” என்று கூவினாள் கெட்டிக்காரி.

பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.