விளக்கு வேண்டாம் என்று எழுதியவன்

தேயிலை ஆலையின் இஞ்சின் ஓடினால்தான் கூலியாட்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் விளக்கு எரியும். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை, வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு. அந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு மறுநாளும் ஆட்கள் கொழுந்து பறிக்க வரவில்லை என்று தோட்டத்தை நிர்வகித்த துரை அதையும் நிறுத்திவிட்டார். இஞ்சின் பழுது என்றார் ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி. பழுதான இஞ்சின், குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்த துரை பங்களாவுக்கு மட்டும் ஒழுங்காக ஓடியது.

எனக்குப் பத்து வயது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். விளக்குப் போனது எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. பனி விலகிய மாலைகளில், லோரி திரும்பும் மேட்டில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வேன். ரிங்லெட் டவுன் வெளிச்சம் அங்கே எட்டாது. கண் பழகப் பழக நட்சத்திரங்கள் பெருகிக்கொண்டே போய் மலை விளிம்பில் வந்து நிற்கும். மூக்கு நுனி மரத்துப்போகும் வரை பார்த்துக் கிடப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் வாத்தியார் எங்கள் தோட்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். கடைசி வரி இன்னும் மறக்கவில்லை: "இவ்வளவு அழகான வானம் இருக்கும்போது எங்களுக்கு விளக்கே வேண்டாம்." வாத்தியார் பூரித்துப்போய், தாளைக் கொண்டுபோய்க் கிராணியிடம் கொடுத்தார்.

அதே வாரம் அம்மா இருட்டில் குழாயடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மறுநாள் விடியலில், பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், அப்பா துரைக்கு முன்னால் போய் நின்று விளக்குக் கேட்டார். அதுவரை துரையிடம் எதையும் கேட்டவரல்லர். கிராணி சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டுச் சொன்னார்:

"ஒன் மவனே வேணாங்கறான் லா. நீ என்னாய்யா கேக்கறே?"

ஆட்களிலேயே சிலர் சிரித்துவிட்டார்களாம். துரை எனக்கு ஒரு பேனா கொடுத்தனுப்பினார்.

அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் புத்தகத்தின் மேல் வைத்தார்.

"எல்லாத்தையும் வாசிச்சாங்களாப்பா?"

"வாசிச்சாங்க. நல்லாத்தான் எழுதியிருக்கே."

சோறு தின்று முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்தப் பேனாவாலயே இன்னொண்ணு எழுதிக் குடு. வெளக்கு வேணும்னு எழுது. ஒங்கம்மா விழுந்ததயும் போடு. லேபர் ஆபிஸ்ல கொண்டுபோயி குடுக்கறேன்."

"அதெல்லாம் கட்டுரை இல்லப்பா. வாத்தியாருக்குப் பிடிக்காது."

"சரி, படி," என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மழைக்காலம் முழுக்க லயம் இருட்டில் கிடந்தது. அம்மாவின் கை கோணலாகவே கூடியது.

துரை நீங்கலாக, தோட்டத்தில் எழுதத் தெரிந்த பெரியவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் தாளைக் கொடுத்தவர், மற்றவர் அதை வாசித்தவர். அவர்களை விட்டால் அப்பாவுக்கு நான்தான் இருந்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை. பள்ளிக்கூடம் போகாதவர், கட்டுரை என்றால் என்னவென்று அவருக்கு விளங்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.