தக்காளிக்குப் பை தைத்தவர்

அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் நுழையும்போது செல்போன் அடித்தது. குடிகாட்டிலிருந்து அருள் மாமா, ஸ்டெல்லா அக்காவின் கணவர். காரணம் இல்லாமல் போன் செய்கிறவர் இல்லை அவர்.

“மங்கை, அக்கா போயிட்டா மா. டீ குடிச்சிட்டு செத்த நேரம் படுக்கிறேன்னா. போய் எழுப்புறேன், எந்திரிக்கல.”

வலி ஏதாவது இருந்ததா மாமா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லை, தூங்குகிற முகம்தான் என்றார். உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகைக்கு முன்னால் நிம்மதிதான் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அக்காவுக்கு இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. குழந்தை பெறுவது ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதால் அந்த வீட்டில் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுக்குத் திணறித்தான் போவோமோ என்று அவர் பயந்தது எனக்குத் தெரியும். நல்லவேளை, அப்படி நடக்கவில்லை.

அதற்குள் அறையில் ஒரு குரல்: “குடிகாடுதானே? அந்தக் காத்து சும்மா விடுமா?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. வால்வுதான் காரணம், காற்றில்லை என்று கத்திவிட்டேன். ஊரை ஒட்டி இருக்கிற ரசாயனத் தொழிற்பேட்டையின் காற்றைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு இருக்கிற புகார் வேறு. அதைத் தீர்த்துவைக்க நான் யார்? ஆனால் குடிகாடு என்ற பெயரைக் கேட்டதும் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகச் சொல்லிவிடுகிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது எனக்குத் தெரியும். இதே வருடம் அந்தத் தப்பை ஸ்டெல்லா அக்காவிடம் செய்தவள் நான்தான்.

இந்தப் பள்ளி மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேராவது அவரிடம் பொத்தானுக்குக் காஜா எடுக்கக் கற்றிருப்பீர்கள். சிதம்பரத்தில் இருக்கிற நம் பெண்கள் பள்ளிக்கு அவர் தையல் டீச்சர். தினமும் குடிகாட்டிலிருந்து பஸ் ஏறி, முதல் மணிக்குள் வந்துவிடுவார். 2004இல் நான் வரலாறு எடுக்கச் சேர்ந்தபோது, அவர் மதிப்பெண் போடுகிற விதத்தைப் பார்த்து வியந்திருக்கிறேன். பிள்ளைகள் தைத்த பாவாடையை வாங்கியதும் திருப்பிப்போடுவார். “வெளிப்பக்கம் அழகாத்தான் இருக்கும். உள்பக்கத்தைக் காட்டு” என்பார். நூல் தொங்கினால், ஓரம் கோணினால், முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். எத்தனை பேர் அந்த மேசை முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றிருப்பீர்கள்!

அதே வருடம் ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை தைக்கிற பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். எல்லாம் தெரியும் என்கிற திமிர். இரண்டு பட்டைத் துணியில் ஒன்றை உள்பக்கம் வெளியே வரும்படி இணைத்துத் தைத்துவிட்டேன். தூக்கிக் கட்டிய பிறகுதான் தெரிந்தது. கட்டின ஆளைப் பிடித்துத் திட்டினேன். ஸ்டெல்லா அக்கா பிளேடை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தையலாக வெட்ட ஆரம்பித்தார். “கத்தாதே மங்கை. பிரிச்சுத் தைக்க முடியாத தையல்னு ஒண்ணு இல்ல. உக்காரு, அந்த முனையைப் பிடி” என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் டீச்சர் இல்லை, அக்கா.

எனக்கு இரண்டு முறை கரு கலைந்தது. இரண்டு முறையும் எனக்குப் பதில் பாடம் எடுக்க ஆள் பிடித்தது, வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தது எல்லாம் அவர்தான். மூன்றாவது முறை தங்கியது தெரிந்தபோது, 2011 டிசம்பர் கடைசியில் அடித்த ‘தானே’ புயல் ஓய்ந்திருந்தது. எனக்கு எதைத் தின்றாலும் குமட்டியது. அக்கா டப்பாவில் கொண்டுவந்த தக்காளித் தொக்கு மட்டும் வயிற்றில் தங்கியது. முதலில் கடைத் தக்காளியில் செய்தார். மார்ச் மாதம் பாதிக்குமேல், “இனிமே நம்ம கொல்லைத் தக்காளி” என்று பெருமையாகச் சொன்னார். அதில் புளிப்பு கொஞ்சம் ஜாஸ்தி. சோற்றைக்கூட விட்டுவிட்டு விரலால் வழித்துத் தின்றேன். இப்படி மூன்று வாரம்.

அந்தச் செடியின் கதையையும் சொல்ல வேண்டும். அவருடைய தங்கை வெளிநாட்டில் ஒரு கன்னியர் மடத்தில் இருக்கிறார். ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குள் கொஞ்சம் தக்காளி விதையை மடித்து அனுப்பியிருந்தார். மூன்று வருடமாக அக்கா அதைக் கொல்லையில் பலா மரத்தடியில் போட்டு வளர்த்துவந்தார். நிழலில் சுமாராகக் காய்க்கும், சிவப்பாகப் பழுக்கும். காம்போரம் லேசாகக் கறுத்திருந்தால், தூசி என்று துடைத்துவிடுவாராம்.

ஈஸ்டர் அன்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருக்கு வேலை, நான் மட்டும் போனேன். பிரியாணி தம்மில் இருந்தது. கொல்லையைப் பார்க்கலாம் என்று பின்பக்கம் போனேன். பலா மரம் இல்லை. புயலில் சாய்ந்து, அறுத்து அடுக்கியிருந்தார்கள். வெட்டவெளியில் ஆறேழு தக்காளிச் செடிகள். அவற்றில் தொங்கிய காய்களைக் குனிந்து பார்த்தேன்.

அவை கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. கருநீலம். ஒரு காயைத் திருப்பினேன், பின்பக்கம் வெறும் பச்சை. இன்னொன்றின் மேல் ஒரு இலை ஒட்டிக்கிடந்தது. இலையை விலக்கினால், அதே வடிவத்தில் பச்சை, சுற்றிலும் கருநீலம். மேலேயிருந்து ஏதோ வந்து படிந்ததுபோல, இலை மறைத்த இடம் மட்டும் தப்பித்ததுபோல. துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. தலையைத் தூக்கினால் தூரத்தில் புகைபோக்கிகள். வேறு என்ன நினைப்பேன்?

அக்கா பின்னாலேயே வந்தார். “இந்த வருஷம்தான் இந்தக் கலர்ல காய்க்குது. உள்ள செவப்பாத்தான் இருக்கு, ருசியும் நல்லாருக்கு” என்றார், ஒன்றுமே இல்லாததுபோல.

“இதுலதான் தொக்கு செஞ்சீங்களா?”

“ஆமாம்மா.”

அப்போது நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். “தெரிஞ்சே குடுத்தீங்களாக்கா? உங்க ஊர்ல எதுதான் உருப்படியா வெளையும்? பெத்து வளத்திருந்தா இப்படிக் குடுக்க மனசு வந்திருக்குமா?”

அவர் முகம் வெளிறிப்போனது. நான் சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாளே போய்க் காட்டினேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுக் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். என்ன தின்றேன் என்று சொன்னபோது மட்டும், அது என்னவென்று தெரியாமல் தனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது என்றார். அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. வயிற்றில் அசைவு நின்றால் பயம், அசைந்தால் அதைவிடப் பயம். பள்ளிக்கூடத்தில் அக்கா இருக்கிற பக்கம் திரும்பவில்லை. அவரும் வந்து சமாதானம் சொல்லவில்லை. தங்கைக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். யாரோ ஒரு சிஸ்டர் கொடுத்த விதை, அவரும் வேறு ஊருக்குப் போய்விட்டார், பழத்தைத் தானும் பார்த்ததே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. இதுவும் வேறொருவர் சொல்லித்தான் என் காதுக்கு வந்தது. எவ்வளவு அலட்சியம், ஒரு மன்னிப்புகூட இல்லையே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள், மதிய இடைவேளையில், அக்கா என் மேசைமேல் ஒரு எவர்சில்வர் டப்பாவை வைத்தார். உள்ளே இரண்டு சிறிய பைகள், சுருக்குப்பை அளவு. ஒன்று கண்ணாடிபோல் தெரிகிற பாலிதீனில் தைத்தது. தையல் துளைகளிலும் வாயிலும் மெழுகுவத்தியை உருக்கி அடைத்திருந்தார். இன்னொன்று ஜாக்கெட்டுக்கு வைக்கிற கறுப்பு லைனிங் துணி, இரண்டு மடிப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் காம்போடு ஒரு தக்காளி. பிரி என்றார். பிரித்தேன். பாலிதீனுக்குள் இருந்தது கருநீலம். கறுப்புத் துணிக்குள் இருந்ததில் ஒரு பொட்டு நீலம் இல்லை. பச்சை வெளுத்து, சிவப்பு ஏற ஆரம்பித்திருந்தது.

“ரெண்டும் ஒரே செடி. எலைக்கு அடியில பச்சையாவே இருந்த காயாப் பாத்துக் கட்டினேன்” என்றார். “மண்ணுல கெடுதல் இருந்தா ரெண்டுமே கறுக்கணும். காத்துல வந்து படிஞ்சதுன்னா, மெழுகு வெச்சு அடைச்சது கறுக்கக் கூடாது. அடைச்சதுதான் கறுத்திருக்கு. வெளிச்சம் படாதது கறுக்கல. வெயில் மங்கை, வெறும் வெயில். பலா மரம் போச்சு இல்ல?”

இந்த யோசனை எப்படி வந்தது என்று பிறகு கேட்டபோது, ஜவுளிக்கடை வாசலில் அடுக்கி வைக்கிற துணிதான் என்றார். வெயில் பட்ட மடிப்பு வெளுத்திருக்கும், உள்மடிப்பு புதிதாகவே இருக்கும். அது நிறத்தை எடுக்கிற வெயில், இது கொடுக்கிற வெயில், அவ்வளவுதான் வித்தியாசம். வரலாறு படித்த எனக்கு இது தோன்றவில்லை.

நான் அந்த அறையிலேயே எல்லார் எதிரிலும் ஓவென்று அழுதேன். பன்னிரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அக்கா கருநீலப் பழத்தை இரண்டாக நறுக்கி, உப்பு தொட்டு, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொரு பாதியை என்னிடம் நீட்டவில்லை, டப்பா மூடியில் வைத்தார். நானே எடுத்துத் தின்றேன்.

ஜூன் மாதம் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அந்த சிஸ்டரைக் கண்டுபிடித்துக் கேட்டாராம். கறுப்பாகக் காய்க்கிற ஜாதிதானாம், நன்றாக வெயில் பட வேண்டுமாம். “ரெண்டு மாசம் முந்தி எழுதியிருந்தா எனக்குப் பை தைக்கிற வேலை மிச்சமாயிருக்கும்” என்று அக்கா சிரித்தார்.

ஆகஸ்டில் மகள் பிறந்தாள், கை கால் எல்லாம் நன்றாக. அக்கா வெள்ளை வாயில் துணியில் சட்டை தைத்துக்கொண்டு வந்தார். குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, அன்று ஈஸ்டருக்கு நான் பேசினதை மன்னிச்சிடுங்கக்கா என்றேன். குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமலே, “அதெல்லாம் அப்பவே பிரிச்சாச்சு” என்றார். கேட்காமலே விட்டிருந்தால் இன்று என் கதி என்ன? நல்லகாலம், கேட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, அருள் மாமா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மழையில் அழுகாமல் ஒரு தக்காளிச் செடி நின்றது. “உனக்கு ஒண்ணு சொல்லணும்மா. நீ அவ ரொம்ப தைரியமாயிருந்தான்னு நெனைச்சிட்டிருப்ப” என்று ஆரம்பித்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லையாம். பை கட்டியது இரண்டு காய்க்கு இல்லை, பதினோரு காய்க்கு. காலையில் எழுந்ததும் போய் ஒவ்வொரு பையாகப் பார்ப்பாராம். “‘அந்தப் புள்ளைக்கு நானே வெசத்தைக் குடுத்துட்டனா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. பாலித்தீனுக்குள்ள மொதக் காய் கறுத்தன்னிக்கு இங்கதான், இந்த மண்ணுல, பொத்துனு உக்காந்து சிரிச்சா பாரு. கல்யாணத்தன்னிக்குக்கூட அப்படிச் சிரிக்கல அவ.”

நான் அலட்சியம் என்று நினைத்தது இதைத்தான்.

அந்த இரண்டு பைகளும் அன்றிலிருந்து என் மேசை இழுப்பறையில்தான் கிடந்தன. குடிகாட்டிலிருந்து திரும்பியதும் பள்ளிக்குப் போய் எடுத்தேன். வெளிப்பக்கம் எப்போதும்போல, மடிப்பு கலையாமல், சுத்தமாக. எட்டு வருடமாக அவர் சொல்லிக்கொண்டிருந்ததை நான் ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. கறுப்புப் பையைத் திருப்பிப்போட்டேன்.

உள்பக்கம் தையல் ஒரே கோணல். ஓரம் வளைந்து வளைந்து ஓடியிருந்தது. ஒரே இடத்தில் மூன்று முறை ஊசி ஏறியிருந்தது. நூல் அறுந்து, முடிச்சு போட்டு, மறுபடி அறுந்திருந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை இப்படித் தைத்துக் கொண்டுவந்தால் மேசை முன்னாலேயே நிறுத்தியிருப்பார். அவ்வளவு பயத்தோடு தைத்திருக்கிறார்!

நிம்மதியாகப் போய்விட்டார். அவரைவிட்டு அந்தப் பயம் எட்டு மாதத்துக்கு முன்பே போய்விட்டது, அந்த மண்ணில் உட்கார்ந்து சிரித்த அன்றைக்கே. அதை நினைத்தால் எனக்கு அழுகை அடங்குகிறது. கொல்லையில் நின்ற அந்த ஒற்றைச் செடியின் விதையை மாமா காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். தை பிறந்ததும் எங்கள் மாடியில், நிழலே இல்லாத இடத்தில், போடப்போகிறேன். அதுவரை விதை அந்தக் கறுப்புப் பைக்குள் இருக்கிறது. பையை உள்பக்கம் வெளியே தெரியும்படிதான் வைத்திருக்கிறேன்.