ஜக்கையனின் மூன்று துண்டுகள்

"வாயை ஊது."

கடைக்கு மருந்து கேட்டு வருகிற எவரிடமும் ஜக்கையன் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். ஊதியதும் மூக்கைச் சுருக்குவார். "ஏலக்காய மென்னுட்டு வந்திருக்கியேப்பா! மருந்து செத்துப்போகும். வெரசா வாயக் கொப்புளிச்சிட்டு வா."

போடியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஹோமியோபதிப் பெட்டியைத் திறப்பார். மலை மெட்டிலிருந்து ஒரு ஜீப்பு இறங்கினாலே தெரு முழுக்க ஏலக்காய் மணக்கிற ஊர் இது. அந்த வாசனை பட்டால் மருந்து முறிந்துவிடும் என்பது அவருடைய வேதம். அதனால் பெட்டிக்கு எப்போதும் மூன்று துண்டு சுற்றியிருக்கும். பஞ்சர் சொல்யூஷன் வாசனை மட்டும் ஏனோ மருந்தை ஒன்றும் செய்வதில்லை.

அந்த வேதத்துக்குப் பலியானது மனைவி சந்திரவல்லியின் பாயசம். கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டுக்குள் ஓர் ஏலக்காய் நுழைந்ததில்லை. ஏலத்தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை!

போன மாதம் அவள் பொங்கிவிட்டாள். "சீனி உருண்டைக்கா இந்தப் பாடு? கேக்குறது ஒங்க மருந்தா, ஒங்க வாய்ப்பேச்சா?"

ஜக்கையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சோதிச்சே பாத்துருவோம். வெறும் உருண்டையும் கேட்டுச்சுன்னா பெட்டி பரணுக்குப் போகும். நீ பாயசத்துல ஏலக்காய அள்ளிப் போடு!"

ஆள் தேடி அலையவில்லை. ஏலக்காய்க் கிட்டங்கியில் நாள் முழுக்க உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்களுக்கு மலச்சிக்கல் தீராத துணை. பாதிப் பேருக்கு மருந்து, சிவப்பு நூல் கட்டிய பொட்டலம். மீதிப் பேருக்கு வெறும் உருண்டை, வெள்ளை நூல். எது எதுவென்று அவர் மூச்சுவிடவில்லை. வீட்டுக்குப் போய்க் கைவாய் கழுவிய பிறகே பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் சோறு இறங்காமல் தவித்தார். பிறகு பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிட்டங்கிக்குப் போய் நின்றார்.

"எப்படித்தா இருக்கு?"

"அதையேன் கேக்குறீக! இப்பல்லாம் போன சோலி வெரசா முடிஞ்சிருது." வேலுத்தாய் எல்லாருக்குமாகப் பதில் சொல்ல, கிட்டங்கியே சிரித்தது.

"யாருக்கு? சிவப்பு நூலுக்கா, வெள்ளைக்கா?"

"எல்லாருக்கும்தாண்ணே. எந்த நூலு ஒசத்தின்னு இங்க ஒரே சண்டை. ஒரு பந்தியில ரெண்டு சோறு போடலாமா? அம்புட்டையும் கொட்டிக் கலந்து ஆளுக்குச் சமமாப் பிரிச்சுக்கிட்டோம்."

"அடிப்பாவிகளா! எதுல கொட்டுனீக?"

"வேற எதுல? இந்தா, இந்த மொறத்துலதான்."

முறத்தில் ஏலக்காய் குவிந்து கிடந்தது.

"இந்த வாசம் பட்டுமா கேட்டுச்சு?"

"நல்லாக் கேட்டுச்சு. அடுத்த வாரத்துக்கும் கொண்டாங்க."

ஜெயித்தது மருந்தா, சீனியா? தெரிந்துகொள்ள இனி வழியில்லை. இத்தனை வருடம் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஏலக்காய் மட்டும் விடுதலையாகிவிட்டது.

ஜக்கையன் முறத்தின் பக்கம் குனிந்தார்.

"வேலுத்தாயி, பாயசத்துக்கு நாலு காய் எடுத்துக்கிடவா?"

அவள் ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். பெட்டியைச் சுற்றியிருந்த துண்டுகளில் ஒன்றை அவிழ்த்து, அதன் நுனியில் பத்திரமாக முடிந்துகொண்டார்.